சமையலறையில் ஒரு பிணம்

சமையலறைச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பதில்லை என்று மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் உறுதியாக முடிவெடுத்து நாலு வருஷமாகிறது. மனைவியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அவளிடம் "அடுத்த ஞாயிற்றுக்கிழமை" என்றே சொல்லிக் காலத்தை ஓட்டிவந்தார்.

இந்த ஞாயிறு ஓட்ட முடியாது போலிருந்தது. பெயின்ட் டப்பாக்களை அவளே வாங்கி வந்துவிட்டாள். ஏணியையும் இரவல் வாங்கி, கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் சாத்திவிட்டாள். காலையில் எழுந்தால் அதில் முட்டிக்கொண்டுதான் பல் தேய்க்கப் போக வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்குள் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். உடைந்த கண்ணாடியை ஒட்டிக்கொண்டு போக டைரக்டரே கடைக்கு வந்தார்.

"என்ன கதை, சார்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"சின்ன ஊரு. ஒருத்தர் சமையலறையில செத்துக் கிடக்கிறார். கொலை. போலீஸ் வந்தா ஊரே வரிசையில நின்னு, நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்னு சண்டை போடுது."

"அவ்வளவு கெட்டவரா?"

"நல்லவர்தான். எந்த வேலை சொன்னாலும் நாளைக்கு, நாளைக்குன்னு எல்லாரையும் அலைக்கழிச்சவர். ஜனங்க வயிறு குலுங்கச் சிரிக்கணும் சார். ஆனா ஒரு சமையலறை கிடைக்கலை. எல்லா வீட்டுலயும் சுவர் பளபளன்னு இருக்கு. எனக்கு எண்ணெய்ப் பிசுக்கு வேணும்."

கடைக்காரருக்குக் காதில் தேன் பாய்ந்தது. "எங்க வீட்டுக்கு வாங்க. அப்படி ஒரு பிசுக்கை நீங்க பார்த்திருக்கவே மாட்டீங்க."

திரையில் தன் முகம் ஒரு தடவையாவது வர வேண்டும் என்பது அவருடைய பள்ளிக்கூடக் காலத்து ஆசை. அதையும் கேட்டுவிட்டார்.

டைரக்டர் யோசித்தார். "பிணம் காலியா இருக்கு, சார்."

"வசனம்?"

"பிணத்துக்கா?"

"சாகிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை..."

"சரி, ஒரு 'ஐயோ' வச்சுக்கலாம்."

அன்று மாலை வீட்டுக்குள் நுழையும்போதே அவருக்கு நடையில் ஒரு மிதப்பு.

"இந்தாம்மா, சுவரைத் தொடவே கூடாதுன்னு டைரக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டார். நம்ம சமையலறையில ஒரு கொலை நடக்கப் போகுது."

"யாரு சாகிறா?"

"நான்தான்."

"கொல்றது?"

"அதுக்கு இன்னும் ஆள் கிடைக்கலை."

"அதுக்குப் போய் ஏங்க வெளியில தேடறாங்க?" என்றாள் மனைவி. கோபித்துக்கொள்ளவில்லை. அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும். மனிதர் 'ஐயோ' பழகக் குளியலறைக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை டைரக்டர் இடம் பார்க்க வந்தார். சுவரைத் தொட்டார். விரல் ஒட்டிக்கொண்டது. ஆனந்தப்பட்டார். மனைவி டீ கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஆரம்பித்தாள்.

"ஏன் தம்பி, இவர் எப்படிச் சாகிறார்?"

"நாற்காலியில உட்கார்ந்து பேப்பர் படிச்சுக்கிட்டே சாகிறார், அக்கா."

"தினமும் அப்படித்தானே இருக்கிறார். செத்துட்டார்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"

டைரக்டர் டீயைக் கீழே வைத்தார்.

"எல்லாத்தையும் தள்ளிப்போட்ட மனுஷன்னு சொல்றீங்க. அவர் வாழ்க்கையில முதல் தடவையா ஒரு வேலையைத் தொட்டு, முழுசா முடிச்சு, அப்பாடான்னு நிமிர்றப்ப உயிர் போனா? சிரிப்பும் வரும், பாவமாவும் இருக்கும்."

"என்ன வேலை, அக்கா?"

"எனக்கென்ன தெரியும்? அங்க பெயின்ட் டப்பா சும்மா கிடக்கு. தோணுச்சு, சொன்னேன்."

"பிசுக்கு வேணும்னீங்களே, சார்!" என்று அலறினார் கடைக்காரர்.

"அந்தப் பிசுக்கு கொஞ்சம் கொஞ்சமா மறையுது பாருங்க, அதைத்தான் எடுக்கப் போறேன். கதை இப்பதான் சார் நிமிர்ந்து நிக்குது!"

"கை மட்டும்தானே தெரியும்? டூப் போடலாமே."

"ஆமா தம்பி, டூப்பே போடுங்க" என்றாள் மனைவி உடனே. "தெருக்கோடியில ஒரு பெயின்டர் இருக்கார். நல்ல உயரம், களையான முகம். அந்த 'ஐயோ'வையும் அவரே சொல்லிடுவார்."

கடைக்காரர் எழுந்து நின்றார். "ஒருத்தரும் வேண்டாம். நானே அடிக்கிறேன்!"

ஞாயிறு காலை கேமரா ஓட, பிசுக்கைச் சுரண்டினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அடித்தார். மூலை விட்டுப் போயிற்று என்று ஒரு டேக். ஒரு பூச்சில் திட்டுத் திட்டாகத் தெரிகிறது என்று மறுபடி ஒரு டேக். அதைச் சொன்னது டைரக்டர் இல்லை, கேமராவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மனைவி. கண்ணாடிச் சட்டத்துக்குத் திருகாணி மாட்டிப் பழகிய கை அது. மத்தியானத்துக்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. அலமாரிக்குப் பின்னால் இருக்கிற சுவர் எந்தக் கேமராவுக்குத் தெரியும் என்று அவர் கேட்கத்தான் செய்தார். "ஜனங்களை ஏமாத்தலாமா, சார்?" என்று டைரக்டர் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்.

சாயங்காலம் ஒருவழியாக இடுப்பை நிமிர்த்தி "ஐயோ!" என்றார். நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சாய்ந்தார். மொத்தக் கூட்டமும் கைதட்டியது. காதுக்குள் பெயின்டோடு தரையில் கிடந்த கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவருக்காக யாரும் கைதட்டியதில்லை.

'கட்' சொல்லி எல்லோரும் கலைந்த பிறகும் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. மனைவி டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். புதுச் சுவரை ஒரு தடவை கண் நிறையப் பார்த்துக்கொண்டாள்.

"பிரமாதமாச் செத்தீங்க."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். இவ்வளவு நல்ல நடிகர் இப்படிச் சட்டுனு செத்துட்டாரேன்னு டைரக்டருக்கு மனசே ஆறலை. நான்தான் ஒரு யோசனை சொன்னேன். ஒத்துக்கிட்டார்."

"என்ன யோசனை?"

"நாளைக்கு உங்க ஆவி வந்து ஹாலுக்குப் பெயின்ட் அடிக்குது."