எல்சியின் பேன் எண்ணெய்

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலால் இறங்கிய சனம், எல்சி நின்ற பக்கத்தை விட்டுவிட்டு மற்றப் பக்கத்தால் போனது. அவள் கையில் இருநூறு நோட்டீஸ். அரை மணித்தியாலம் நீட்டியும் ஒன்றுதான் போனது. அதை வாங்கிய பெண்ணும் தலைப்பைப் பார்த்துவிட்டு, "எங்கட வீட்டில ஒருத்தருக்கும் இல்லை" என்று நாலு பேருக்குக் கேட்கச் சொல்லித் திருப்பித் தந்துவிட்டாள்.

'பேன், ஈர் ஒழிய எல்சியின் மூலிகை எண்ணெய்' என்று அதில் போட்டிருந்தது.

எண்ணெய் நல்ல எண்ணெய்தான். உப்புவெளியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரின் தலை அதில்தான் சுத்தமானது. குசினி அலுமாரியில் எண்பது போத்தல் அடுக்கியிருந்தாள். யார் வாங்குவார்கள் என்பதும் தெரியும்: பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் தாய்மார். அவர்களுக்கு எந்த வழியால் சொல்வது என்பதுதான் பிடிபடவில்லை.

"ஓட்டோவில மைக்கைக் கட்டி விடு," என்றான் புருஷன் ஜக்சன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். எதையும் உயரத்தில் இருந்து பார்த்துத்தான் சொல்வான்.

"ஓட்டோ எந்த வீட்டடியில நிக்குதோ அந்த வீட்டுக்குப் பேன் எண்டு சனம் கதைக்கும்."

"அப்ப வட்ஸ்அப்பில போடு. ஆர் வாங்கினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

அது சரியாகப் பட்டது. மகள் நிலுஷாவின் நாலாம் வகுப்புத் தாய்மார் குழுவில் போட்டாள். முப்பத்தொரு பேர் பார்த்தார்கள். ஒருத்தியும் ஒரு போத்தல்கூடக் கேட்கவில்லை. கடைசியில் றுக்கியா என்ற தாய் எழுதினாள்: "ஏன் இதை இஞ்ச போட்டனீங்கள்? வகுப்பில ஆருக்கும் இருக்குதோ?"

"இல்லை, சும்மா பொதுவாப் போட்டனான்."

"ஆரெண்டு சொல்லுங்கோ. சொல்லாட்டி எல்லாப் பிள்ளையளையும்தான் சந்தேகப்பட வேணும்."

அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஊகித்தார்கள். யாரோ ஒருத்தி, சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பிள்ளையின் பெயரை எழுதினாள். அந்தப் பிள்ளையின் தாயும் அந்தக் குழுவில்தான் இருந்தாள்.

எல்சிக்கு முகம் சுட்டது. தான் எண்ணெய் விற்க வெளிக்கிட்டதற்கு யாரோ பெற்ற பிள்ளை பழி சுமப்பதா? வேறு ஒன்றும் தோன்றாமல் எழுதினாள்: "எங்கட நிலுஷாவுக்குத்தான் இருந்தது. இந்த எண்ணெயில மாறீட்டுது."

முழுப் பொய். நிலுஷாவின் தலையில் அன்றுவரை ஒரு பேன் ஊர்ந்தது கிடையாது.

மறுநாள் நிலுஷா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"அம்மா, ரீச்சர் என்னை முன்னுக்கு, தன்ர மேசையடியில தனிய இருத்திப்போட்டா. பிள்ளையளின்ர அம்மாமார் கோல் எடுத்துச் சொன்னவையாம்."

"ஓ."

"எனக்குப் பேன் எண்டு ஆரம்மா சொன்னது?"

"முதல்ல சாப்பிடு பிள்ளை," என்றாள் எல்சி. கோப்பையில் சோற்றைப் போடும்போது மகளின் முகத்தைப் பார்க்க அவளால் ஏலவில்லை.

இரண்டு கிழமை போனது. நிலுஷா தானே பின்னல் போடப் பழகிக்கொண்டாள். தாய் சீப்பை எடுத்தாலே எழும்பிப் போய்விடுவாள்.

ஜக்சன் திரும்பவும் யோசனை சொன்னான். "மறைச்சு வைச்சா சனம் இன்னும் கூடத்தான் கதைக்கும். பேஸ்புக்கில லைவ் போடுவம். பிள்ளையின்ர தலையைப் பேன்சீப்பால வாரி, வெள்ளைத் துவாயை விரிச்சு அதில தட்டிக் காட்டு. ஒண்டும் இல்லை எண்டு எல்லாரும் பாக்கட்டும். எண்ணெய்க்கும் விளம்பரம்."

நிலுஷா முதலில் மாட்டேன் என்றாள். பிறகு, "காட்டினா என்னைப் பழைய இடத்தில விடுவினமோ?" என்று கேட்டாள்.

"ஓம், விடுவினம்," என்றாள் எல்சி.

சனிக்கிழமை காலை லைவ் தொடங்கியது. போனைப் பிடித்தவன் ஜக்சன். "ஆடாமப் பிடியுங்கோ, கிட்டக் கொண்டுவந்து காட்டுங்கோ" என்று எல்சி முதலே சொல்லி வைத்திருந்தாள். பத்து நிமிசத்தில் இருநூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். வகுப்புத் தாய்மாரில் ஒருத்தியும் மிச்சமில்லை.

முதல் வாரலில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. எல்சிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மூன்றாம் தரம் சீப்பைத் தட்டினாள்.

துவாயில் மூன்று விழுந்தன. ஒன்று நடக்கத் தொடங்கியது.

எல்சி துவாயைச் சுருட்டுவதற்குள் ஜக்சன் போனைக் கிட்டக் கொண்டுவந்துவிட்டான். கிரேன் பிடித்த கை, கொஞ்சமும் ஆடவில்லை. நடந்த பேனின் பின்னாலேயே துவாயின் விளிம்புவரை போனது.

"முடிஞ்சுதோ அம்மா?" என்றாள் நிலுஷா, குனிந்த தலை நிமிராமல்.

அடுத்த நாள் எல்சி பூசைக்குப் போகவில்லை. போனை நிறுத்தி அலுமாரிக்குள் போட்டாள். தன் வாயால் வந்த பொய், பிள்ளையின் தலையில் உண்மையாகவே ஏறிவிட்டதே என்று குசினியில் குந்தியிருந்து அழுதாள்.

திங்கட்கிழமை பின்னேரம் கதவு தட்டுப்பட்டது. வகுப்பு ஆசிரியை ஜெஸ்மின் ரீச்சர். பிள்ளையை இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று எல்சி நினைத்தாள்.

"ரீச்சர், நான் குழுவில எழுதினது பொய். அப்ப அவளுக்குப் பேன் இருக்கேல்லை. இப்ப எப்பிடி வந்தது எண்டு சத்தியமா எனக்குத் தெரியாது. பிள்ளையில ஒரு பிழையும் இல்லை."

ரீச்சர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கதிரையில் இருக்கவில்லை.

"ரெண்டு போத்தல் தாங்கோ," என்றார் குரலைத் தாழ்த்தி. "தனிய இருத்திப்போட்டன் எண்ட பாவத்துக்கு, ரெண்டு கிழமையா அவளை என்ர தோளில சாய்ச்சு வைச்சு வாசிப்பிச்சனான். அது என்ர பேன்."