கர்னலுக்கு எதிராக ஒரு மொட்டைக் கடிதாசி

"பூனையா, நானா?" என்று மனைவியிடம் இன்றைக்குக் கேட்டே தீருவது என்று சத்தியநாதன் முடிவெடுத்தார். பிறகு, என்ன பதில் வரும் என்று யோசித்துப் பார்த்தார். கேட்காமலே விட்டுவிட்டார்.

மகள் ஜோவிதா கனடாவுக்கு வேலைக்குப் போகும்போது, "மூணே மாசம் டாடி" என்று சொல்லி விட்டுவிட்டுப் போன பூனை அது. மெயின் கூன் என்ற அமெரிக்க ஜாதி. பெயர் கர்னல். இப்போது எட்டாவது மாசம் நடக்கிறது. எடை ஏழரைக் கிலோ. வீட்டுக்கு ஏழரை வந்திருப்பதை எடை மெஷினே சொல்லிவிட்டது என்று சத்தியநாதன் நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ள மட்டும் அந்த வீட்டில் அவருக்குத் தடை இல்லை.

கழுத்தைச் சுற்றிப் பிடரி. காது நுனியில் குஞ்சம். வாலைத் தூக்கினால் ஒட்டடைக் கம்பு. இத்தனை உடம்பை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தால் சிட்டுக்குருவிக் குரல்தான் வரும். அந்தக் குரலுக்கு ஞானஜோதி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாள். அரை மணி நேரமாகக் காபி கேட்கும் புருஷனின் குரல் மட்டும் அவள் காதில் விழாது.

கர்னலுக்கு முடி இரண்டு அடுக்கு. வாராமல் விட்டால் வயிற்றடியில் சிக்கு விழுந்து தோலை இழுக்குமாம். அதனால் தினமும் இருபது நிமிஷம் சீப்பு. சத்தியநாதன் தலையில் வாருவதற்கு எதுவும் மிச்சமில்லை என்பதால் அவருடைய சீப்பையே ஞானஜோதி பூனைக்கு மாற்றிவிட்டாள். உதிர்ந்த முடி எல்லாம் அவருடைய கறுப்பு பேன்ட்டுக்கு வந்து சேர்ந்தது. போன ஞாயிறு சர்ச்சில் ஒருவர், "அண்ணே, ஆடு வளக்கறீங்களா?" என்று அன்பாக விசாரித்தார்.

அதையும் பொறுத்துக்கொண்டார். ஃபேனுக்கு நேர் கீழே இருந்த சாய்வு நாற்காலியைத்தான் அவரால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. முடிச்சூர் வெள்ளத்தில் தலையில் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறிக் காப்பாற்றிய நாற்காலி. இப்போது அதில் கர்னல் மல்லாந்து படுத்திருந்தது. பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போது சத்தியநாதனுக்கு வயிறு எரிந்தது. பூனை மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அரசாங்க அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் அவர் கற்றுக்கொண்ட வித்தை ஒன்றே ஒன்று. நேரில் கேட்கத் தைரியமில்லாததை மொட்டைக் கடிதாசியில் கேட்டுவிடலாம். அடுக்ககச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். கர்னலை அடுக்ககத்தை விட்டு அனுப்ப வேண்டும் என்று இடது கையால் எழுதினார். சங்கத்தின் புகார்ப் பெட்டியில் தானே போட்டார். மறுநாள் தானே திறந்தார். தானே திடுக்கிட்டார்.

"ஜோதி, யாரோ நம்ம கர்னல் மேல புகார் எழுதிப் போட்டிருக்காங்க. எனக்குக் கையே ஓடல."

ஞானஜோதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"வஞ்சிரத்துல நடுத்துண்டு பூனைக்கு, வால் துண்டு வீட்டுக்காரருக்குன்னு எழுதியிருக்கே. நம்ம சாப்பாட்டு மேஜை வரைக்கும் வந்து பாத்திருக்காங்க, பாவம்."

"சில பேருக்குக் கழுகுக் கண்ணு."

"கையெழுத்து இல்லையே?"

"பயந்துகிட்டு எழுதியிருப்பாங்க. அதுக்காகத் தள்ளிட முடியுமா?"

"அப்ப மொட்டைக் கடிதாசி எல்லாத்தையும் எடுத்துக்கணுமா?"

"எல்லாத்தையும். கூட்டத்துல சத்தமா படிக்கணும். அப்புறம் மெஜாரிட்டி என்ன சொல்லுதோ அதான். நான் என்ன செய்ய?"

"சரிங்க" என்று ஞானஜோதி சீப்பை எடுத்தாள். இவ்வளவு சுலபமாக அவள் 'சரிங்க' சொன்னது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அவர் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம். ஞானஜோதி கர்னலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அது இறங்கி, பொருளாளர் தோத்தாத்ரியின் செருப்பு மேல் படுத்துக்கொண்டது. சத்தியநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலில், கையெழுத்து இல்லாத கடிதமும் செல்லும் என்று தீர்மானம் நிறைவேற்றினார். பிறகு பூனைப் புகாரைக் குரல் தழுதழுக்கப் படித்தார். ஆறு பேர் தலையாட்டினார்கள். வால் துண்டு பகுதியில் ஒருவர் உச்சுக் கொட்டினார்.

"இன்னொண்ணும் இருக்கு சார்" என்று தோத்தாத்ரி பெட்டியிலிருந்து ஒரு கடிதத்தை நீட்டினார்.

சத்தியநாதன் உற்சாகமாகப் பிரித்தார். "மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு. தாங்கள் தினமும் மாலை ஆறரை மணிக்கு மொட்டைமாடிக்குச் சென்று, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்..."

குரல் நின்றது. தொட்டிக்குப் பின்னால் நடப்பது தன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று இரண்டு வருஷமாக அவர் நம்பியிருந்தார். தாளில் அந்தப் பக்கம் அத்தோடு முடிந்தது. 'மறுபக்கம் பார்க்க' என்று போட்டிருந்தது. அவர் பார்க்கவில்லை.

"பின்னால் என்ன சார்?" என்றார் தோத்தாத்ரி.

"இதுல கையெழுத்து இல்ல."

"இல்லன்னாலும் படிக்கணும்னு இப்பதானே சார் தீர்மானம் போட்டோம்?"

"அது தப்பான தீர்மானம். மொட்டைக் கடிதாசி எதுவும் செல்லாது. பூனை மேல வந்ததும் செல்லாது. கூட்டம் முடிஞ்சுது."

எல்லோரும் கை தட்டினார்கள். கர்னலை இரண்டு பேர் தடவிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு சத்தியநாதன் தாழ்ந்த குரலில் சொன்னார். "ஜோதி, சத்தியமா ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டுதான். அதுவும் ஃபில்டர் வெச்சது."

ஞானஜோதி கையில் சீப்பு நின்றது. "எது ரெண்டு?"

"சிகரெட்தான். நீதான் எழுதிட்டியே."

"சிகரெட்டா?"

அவள் கேட்ட தொனி அவருக்குச் சரியாகப் படவில்லை. அவசரமாகக் கடிதத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கத்தில் ஒரே வரிதான் இருந்தது: 'என்ன செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தயவுசெய்து விசாரித்துச் சொல்லவும்.'

ஞானஜோதி சீப்பை அவர் கையில் வைத்தாள்.

"நாளையிலேருந்து ஆறரைக்கு இதான் உங்களுக்கு வேலை. வயித்துப் பக்கம் மெதுவா வாருங்க, அவருக்குக் கூச்சம்."