காதுக்கருவி இல்லாத உறுப்பினர்

நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு மனிதகுலம் செய்த மாபெரும் சாதனை, ஐந்து பேர் ஒரே நேரத்தில் ஒரே பாட்டை வாசித்து முடிப்பதுதான். நாடாளுமன்றங்களால் ஆகாத காரியம். கூட்டுக் குடும்பங்களால் ஆகாத காரியம். 'ஒருமித்த நாதம்' இசைக்குழுவால் ஆயிற்று. ஞாயிறுதோறும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, டைல்ஸ் கடையின் பின்கிடங்கில், குளியலறை டைல்ஸ் பெட்டிகளுக்கு நடுவே அது ஆகிக்கொண்டே இருந்தது.

குழுவின் தலைவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் கிளை மேலாளர். பாடுபவரும் அவரே. இரண்டு வருடத்துக்கு முன் அலுவலகம் அவரை ஒரு தலைமைத்துவப் பயிலரங்குக்கு அனுப்பியது. திரும்பி வந்த நாளிலிருந்து குழுவில் ஒத்திகை கிடையாது. 'செயல்திறன் அமர்வு' உண்டு. பாட்டு கிடையாது, 'உள்ளடக்கம்' உண்டு. தப்பாக வாசித்தால் தப்பில்லை, 'கற்றல் வாய்ப்பு'. டிரம்ஸ் வாசித்த டைல்ஸ் கடைக்காரருக்கு ஒரு ஞாயிறில் முப்பது நாற்பது கற்றல் வாய்ப்புகள் வாய்க்கும். பக்கத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து மனுக் கொடுத்த பிறகு அவர் எலக்ட்ரானிக் டிரம்ஸுக்கு மாறியிருந்தார். ஸ்பீக்கரில் இணைத்தால் இடி. இணைக்காவிட்டால் யாரோ ரப்பர் செருப்போடு மாடிப்படி இறங்குவதுபோல் இருக்கும்.

கீபோர்டு, கணக்கு டீச்சர். தாளத்தை விரலால் எண்ண மாட்டார், மனக்கணக்கு. லீட் கிட்டார், பல் டாக்டர். அவர் உச்சத்தில் வாசிக்கும்போது கேட்பவர்களின் வாய் தானாகத் திறந்துகொள்ளும். தொழில் ராசி.

ஐந்தாவது ஆள் லென்ஸ்காரன். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸின் ஓரத்தைச் சட்டத்துக்குத் தக்கபடி தேய்ப்பவன். குழுவில், பாட்டுக்கு அடியில் தும் தும் என்று ஓடும் பேஸ் கிட்டார் வாசித்தான். நல்ல லென்ஸ் போட்டவருக்கு லென்ஸ் தெரியாது, எழுத்துத்தான் தெரியும். பேஸும் அப்படித்தான் என்று நம்பியிருந்தான். அந்த நம்பிக்கையில் மூன்று வருடம் ஓடிவிட்டது.

தலைவர் அவனுக்கு அக்கா புருஷன். லென்ஸ்காரனின் மனைவி இறந்த மூன்றாம் மாதம், அக்காதான் அவனைப் பிடித்து இங்கே சேர்த்துவிட்டாள். "வீட்ல உக்காந்து சுவத்தப் பாக்கறதுக்கு இவர் பாட்டக் கேளு. சுவரே தேவலாம்னு தோணும்" என்றாள். அவன் வந்தான். வாரத்தில் ஆறு நாள் லென்ஸ், ஒரு நாள் பேஸ் என்று ஆயிற்று. எட்டாவது நாள் ஒன்று இல்லாதது அவனுக்கு வசதியாக இருந்தது. கையெழுத்து நன்றாக இருந்ததால் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு எழுதும் வேலையும் அவனிடம் வந்தது.

குழு நவீனமானது ஒரு ஞாயிற்றுக்கிழமையில். தலைவர் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே நான்கு காதுக்கருவிகள்.

"இனிமே மேடையில நம்ம காதுக்குள்ளயே சத்தம் வரும். யாருக்கு யாரோட சத்தம் வேணுமோ அத மட்டும் வச்சுக்கலாம்" என்றார். "பெரிய பெரிய குழுவெல்லாம் இப்ப இப்படித்தான்."

நால்வரும் மாட்டிக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு திருகு. யாரும் யாரிடமும் சொல்லாமல், நால்வரும் தங்கள் தங்கள் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். உடனே நான்கு முகத்திலும் ஒரே மாதிரி அமைதி பரவியது. தியானத்தில் பத்து வருடத்தில் வருவது, திருகில் பத்து வினாடியில் வந்தது.

"எனக்கு, அத்தான்?" என்றான் லென்ஸ்காரன்.

"பேஸ் அதிர்வுதானே மாப்ள. கால்லயே தெரிஞ்சுக்கலாம். இதையும் குறிப்புல எழுதிக்க."

எழுதிக்கொண்டான். அடுத்த பொருளைத் தலைவர் வேறு குரலில் வாசித்தார். வீட்டில் மாப்ள; கூட்டத்தில் உறுப்பினர்.

"பொருள் நான்கு. பேஸ் உறுப்பினர் பதவியின் தேவை குறித்த மறுபரிசீலனை."

லென்ஸ்காரனின் பேனா நின்றது.

"நீங்க தப்பா வாசிக்கிறீங்கன்னு யாரும் சொல்லல" என்றார் பல் டாக்டர், வலிக்காது என்று சொல்லும் அதே குரலில். "வாசிக்கிறீங்களான்னே தெரியலன்னுதான் சொல்றோம்."

"என் கீபோர்டுல ஒரு பட்டன் இருக்கு" என்றார் டீச்சர். "அமுக்கினா பேஸ் தானா வரும். லீவு கேக்காது."

"நான் எப்ப டீச்சர் லீவு கேட்டேன்?"

"கேக்கலதான். நீங்க ஒருநாள் வரலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமான்னு யோசிச்சுப் பாத்தேன். விடை வரல."

"ஆளு தங்கமான ஆளுங்க" என்று டைல்ஸ் கடைக்காரர் பரிந்துகொண்டு வந்தார். "ஸ்பீக்கர் தூக்க அவ்வளவு ஒத்தாசை."

லென்ஸ்காரன் தலைவரைப் பார்த்தான். "எனக்கு ஞாயித்துக்கிழமைன்னா இதுதான், அத்தான்."

"குழு வேற, குடும்பம் வேற" என்றார் தலைவர். பிறகு பெருந்தன்மையோடு ஒரு வாய்ப்பு வழங்கினார். வரும் சனிக்கிழமை அவருடைய அலுவலகத்தின் ஆண்டு விழா. மதிய விருந்தின்போது குழு வாசிக்கும். முழுவதும் பதிவு செய்யப்படும். அந்தப் பதிவில் பேஸ் 'உணரத்தக்க அளவில்' கேட்டால் பதவி நீடிக்கும். கேட்காவிட்டால் பட்டன். தீர்மானம் நிறைவேறியது. தன் தலை உருளப்போகும் தேதியை லென்ஸ்காரன் தன் அழகான கையெழுத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டான்.

சனிக்கிழமை மண்டபத்தில் முந்நூறு பேர். சவுண்டுக்காரர் தன் மிக்ஸர் மேசையைப் பின்வரிசையில் போட்டிருந்தார். பேச்சுக் குறைந்த மனிதர். முப்பது வருடமாக அடுத்தவர் சத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பிழைப்பவர்களுக்குச் சொந்தமாகச் சத்தம் போடத் தோன்றாது. லென்ஸ்காரன் மேசைக்கடியில் அவருக்கு ஒயர் இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். மேசைக்கு முன்னால் கால்கள் வந்தன.

முதலில் பளபளத்த கறுப்பு ஷூ. தலைவர்.

"அண்ணே, நமக்குள்ள இருக்கட்டும். பாட்டுக்கு வரிதான் முக்கியம். மத்த மூணு பேரையும் கொஞ்சம் இறக்கிடுங்க."

"சரிங்க." சவுண்டுக்காரர் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார்.

அடுத்து வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. "நான் சொன்னதா வெளிய தெரிய வேணாம்" என்றார் பல் டாக்டர். "பாடறவரு, கீபோர்டு, டிரம்ஸ், மூணும் என் கிட்டார அமுக்குது. பாத்துப் பண்ணுங்க."

அடுத்து டீச்சரின் செருப்பு. மற்ற மூவரும் கணக்கு வழக்கில்லாமல் இரைகிறார்கள் என்றது. கடைசியாக, ஓரத்தில் சிமெண்ட் ஒட்டிய செருப்பு. "அடிக்கிறவன் ஒருத்தன் இருக்கான்னு சனத்துக்குத் தெரியணும் பாருங்க. மத்த மூணும் இருந்துட்டுப் போகட்டும், ஓரமா."

லென்ஸ்காரன் மேசைக்கடியிலிருந்து தலையை நீட்டினான். சவுண்டுக்காரர் நோட்டைத் திறந்தே வைத்திருந்தார்.

"உங்களுக்கு யாரக் குறைக்கணும் தம்பி?"

"யாரையும் வேணாங்க."

"உங்களக் குறைக்கச் சொல்லியும் யாரும் வரலையே."

"நான் வாசிக்கிறது அவங்களுக்குத் தெரியாது."

சவுண்டுக்காரர் அவனை ஒரு நொடி பார்த்தார். நோட்டை மூடினார்.

விருந்து தொடங்கியது, குழுவும் தொடங்கியது. தலைவர் கண்ணை மூடினார், வாயைத் திறந்தார். டீச்சரின் விரல்கள் ஓடின. டைல்ஸ் கடைக்காரர் இரண்டு கையாலும் விளாசினார். பல் டாக்டர் பின்னால் வளைந்தார்.

மண்டபத்தில் கேட்டது ஒன்றே ஒன்று. தும், தும், தும்.

ஸ்பீக்கரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தான் லென்ஸ்காரன். பின்வரிசையைப் பார்த்தான். சவுண்டுக்காரர் நிதானமாக நான்கு விரலைக் காட்டினார். பிறகு அந்தக் கையைத் தரைவரை இறக்கினார். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. ஒருவர் சொன்னால் ஒரு புள்ளி இறக்குபவர் அவர். ஒவ்வொருவர் மேலும் மூன்று பேர் சொல்லியிருந்தார்கள். மிக்ஸரில் ஆளுக்கு இருந்ததே மூன்று புள்ளி.

மேடையில் இருப்பது ஊமைப் படம் என்பது மண்டபத்துக்குத் தெரிந்தது. மேடையில் இருந்த நால்வருக்குத் தெரியாது. அவரவர் காதுக்குள் அவரவர் மட்டும், தேன் தடவினாற்போல் ஒலித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மீட்டலுக்கும் அடுத்த மீட்டலுக்கும் நடுவே லென்ஸ்காரன் டைல்ஸ் கடைக்காரரின் தோளைத் தொட்டு, "அண்ணே, யாரோட சத்தமும் வெளிய கேக்கலண்ணே" என்றான். அவர் காதுக்கருவியைத் தட்டிக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தினார். "ஆமாமா, இன்னிக்குப் பிச்சு ஒதறிட்டேன்ல?" தலைவரின் முழங்கையைத் தொட்டான். அவர் கண்ணைத் திறக்காமலே அவன் கையைப் பற்றி, உருக்கமாக அழுத்திவிட்டு விட்டார்.

வேறு வழி தெரியாமல் வாசிப்பதை நிறுத்தினான்.

மண்டபம் நிசப்தமானது. முந்நூறு தலைகள் தட்டிலிருந்து நிமிர்ந்து மேடையைப் பார்த்தன. மூன்று வருடம் வாசித்து ஒரு தலையைக்கூடத் திருப்பாதவன், நிறுத்தி முந்நூறு தலையைத் திருப்பிவிட்டான். பயந்துபோய் மறுபடி தொடங்கினான். தலைகள் நிம்மதியாகத் தட்டுக்குத் திரும்பின.

அதற்குப் பிறகு அவன் நிறுத்தவில்லை. பதினோரு பாட்டு, ஐம்பது நிமிடம். இரண்டாவது பாட்டில் வெறும் தாளம் போதாது என்று தோன்றியது. ராகத்தையும் அந்த நான்கு தடித்த கம்பிகளிலேயே தேடிப் பிடித்தான். தலைவர் வாய் திறக்கும் இடத்தில் வரியை வாசித்தான். பல் டாக்டர் வளையும் இடத்தில் தானே உயரப் போய் இறங்கினான். நால்வரையும் பார்த்துப் பார்த்து, அவர்கள் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்ததை எல்லாம் அவன் செய்தான். ஆறாவது பாட்டில் முன்வரிசையில் ஒருவர் காலால் தாளம் போட்டார். விரல் கொப்பளித்ததை அவன் எட்டாவதில்தான் கவனித்தான்.

கைதட்டல் வந்தது. வழக்கமாக முடிந்ததற்காகத் தட்டுவார்கள். இது வேறு மாதிரி இருந்தது. மண்டல மேலாளர் மேடையேறித் தலைவரின் கையைக் குலுக்கினார்.

"போன வருஷம் நீங்க பாடறப்ப பக்கத்துல இருக்கறவர்கிட்ட உப்புகூடக் கேட்டு வாங்க முடியல. இந்த வருஷம் என்ன ஒரு பக்குவம். பாடறீங்களான்னே தெரியல."

"எல்லாம் பயிற்சி சார்" என்று தலைவர் குனிந்தார்.

கை கழுவும் இடத்தில் அக்கா லென்ஸ்காரனுக்காக நின்றிருந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "டேய், அம்பது நிமிஷம் உன்ன மட்டும்தான்டா கேட்டேன். அவர் குரலே இல்ல. எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? அவர்ட்டப் போய்ச் சொல்லித் தொலைக்காத."

"சொல்லல."

"இத்தன வருஷம் நீ சும்மா நிக்கிறன்னுல நெனச்சேன். அவ இருந்திருந்தா..." என்று தொடங்கியவள், குழாயைப் பெரிதாகத் திறந்து, கழுவிய கையையே மறுபடி கழுவினாள்.

மறுநாள் கிடங்கில் மீளாய்வுக் கூட்டம். பதிவு ஓடியது. நான்கு பேரும் பாராட்டைக் கேட்டுக்கொள்ளத் தயாரான முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். தும், தும், தும். முதல் பாட்டில் தலைவர் புன்னகைத்தபடி காத்திருந்தார். நான்காவதில் புன்னகை மட்டும் இருந்தது, தலைவர் இல்லை. பதினோராவது முடிந்து கைதட்டலும் ஓய்ந்த பிறகு, கிடங்கில் ஒரு டைல்ஸ் பெட்டி தானாகச் சரிந்தது. யாரும் திரும்பவில்லை.

"இது சதி" என்றார் பல் டாக்டர்.

"விகிதம் தப்பா இருக்கு" என்றார் டீச்சர். "அஞ்சு பேர்ல ஒருத்தர் நூறு சதவீதம் வரக் கூடாது."

"ஸ்பீக்கர் தூக்கற ஆளுன்னு நம்பினோம்" என்றார் டைல்ஸ் கடைக்காரர் மனம் நொந்து.

லென்ஸ்காரன் பேனாவைக் கீழே வைத்தான். "சவுண்டுக்காரர் எல்லாத்தையும் ஒரு நோட்டுல குறிச்சு வச்சிருக்கார் அத்தான். யார் யார் என்ன சொன்னாங்கன்னு. கூப்பிட்டுக் கேக்கலாமா?"

"வேணாம்."

நால்வரும் சொன்னார்கள். ஒரே நேரத்தில், ஒரே சுருதியில், ஒரே இடத்தில் எடுத்து ஒரே இடத்தில் முடித்தார்கள். குழுவின் வரலாற்றில் அதுவே முதல்முறை.

தலைவர் தொண்டையைச் செருமினார். "பதிவுல பேஸ் உணரத்தக்க அளவுல கேக்குது. அத நாங்க மறுக்கல. ஆனா உணரத்தக்க அளவ மீறிக் கேக்குது. சக உறுப்பினர்களின் குரலை நசுக்கும் ஆதிக்க மனப்பான்மை. எழுதிக்குங்க. இன்று முதல் பேஸ் உறுப்பினர் குழுவிலிருந்து விடுவிக்கப்படுகிறார். பட்டன் அவருடைய இடத்தை ஏற்கிறது. ஆட்சேபணை உண்டா?"

ஆட்சேபணை கேட்கும் அந்த நேரத்தில் நான்கு பேரும் காதுக்கருவியை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த உள்ளடக்கத்துக்கு நேரமாகியிருந்தது.

"மனசுல வச்சுக்காத மாப்ள" என்றார் தலைவர், தன் குரல் தன் காதுக்குள் சரியாக வருகிறதா என்று சோதித்தபடி. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. சும்மா உக்காந்து பேசிட்டு இருக்கலாம்."

லென்ஸ்காரன் கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தான். பிறகு தன் கடைசிக் குறிப்பை வழக்கம்போலத் தேதியிட்டு, கோடு போட்டு, எழுத்துப் பிசகாமல் எழுதிக் கொடுத்தான். தலைவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அது இன்றும் அந்தக் கிடங்கில் கோப்பில் இருக்கிறது:

"கூட்டத்துக்கு வந்தோர்: ஐவர். பேசியோர்: நால்வர். கேட்டவர்: ஒருவர். அவர் நீக்கப்பட்டார்."