பத்துக்குப் பத்து வாங்கிய வலி

என் செல்லத் தங்கைக்கு அக்கா எழுதுவது. நான் நலம், என் இடது மார்பும் நலம். உன் வீட்டுக்காரரின் இருமலைத் தவிர அங்கே எல்லாம் நலமென்று நம்புகிறேன்.

என்னைப் போலவே உனக்கும் மார்பில் கட்டியாம், வியாழக்கிழமை பயாப்சியாம், வலிக்குப் பயந்து நீ போகமாட்டேன் என்கிறாயாம். உன் மகள் போனில் ஒரே அழுகை. அடியே, நான் போய்வந்து பதினைந்து நாளாகிறது. வெறும் எறும்புக்கடி! மரத்துப்போக ஒரு ஊசி, டப்பென்று கருவியின் ஒரு சத்தம், அரிசி அளவு சதை, அவ்வளவுதான்.

பிறகு நடந்ததெல்லாம் என்னால் வந்தது. நர்ஸ் பெண், "பாட்டி, வலி எவ்வளவு? பத்துக்கு ஒரு நம்பர் சொல்லுங்க" என்றாள். அஞ்சாம் வகுப்பு வரை எந்தப் பாடத்திலும் குறைந்த மார்க் வாங்காதவள் நான், நிமிர்ந்து உட்கார்ந்து "பத்துக்குப் பத்து!" என்றேன். அவள் பதறி ஓடி டாக்டரைக் கூட்டிவந்தாள். "சிரிச்சுக்கிட்டே சொல்றீங்களே பாட்டி, நிஜமாவே பத்தா?" என்றார் அவர். "சந்தேகமா? வாய்ப்பாடு வேணும்னாலும் கேளுங்க" என்று பதினாறாம் வாய்ப்பாட்டில் பாதி ஒப்பித்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. "இதுல கம்மியா வாங்குறவங்கதான் ஃபர்ஸ்ட், பாட்டி." மனசே இல்லாமல் ரெண்டுக்கு இறங்கினேன்.

வலித்தால் பாராசிட்டமால், துண்டில் சுற்றி ஐஸ் ஒத்தடம், இறுக்கமான உள்ளாடை போட வேண்டும், ரெண்டு நாள் கனம் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் ஐஸ் இல்லை என்று மருமகள் ஃப்ரீசரிலிருந்த பட்டாணிப் பாக்கெட்டைக் கொடுத்தாள், மறுநாள் மறதியாக அதையே வேகவைத்தும் விட்டாள். "பட்டாணி இன்னைக்குப் பஞ்சு மாதிரி இருக்கே!" என்று உன் அத்தான் ரெண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். மூணாம் தரமும் நானே பரிமாறினேன்.

பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு முடிவும் வந்துவிட்டது. நீயும் என்னைப் போல் தைரியமாகப் போய்வா. நூறு வயது வரை என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்க உன்னை வாழ்த்தும்,
அக்கா.

பி.கு.: எறும்புக்கடி என்றது பொய். மரத்தது தெளிந்த சாயங்காலம் நாலு மார்க் வலித்தது. மாத்திரை போட்டதும் ரெண்டானது, மூணாம் நாள் முட்டை. தைரியம் என்றதும் பொய். அந்த டப் சத்தத்துக்கு நர்ஸ் பெண்ணின் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. ஆஸ்பத்திரியில் முதல் ஐஸ் ஒத்தடம் அவள் விரலுக்குத்தான். "உனக்கு எத்தனை மார்க்கும்மா?" என்று கேட்டேன். "எட்டு, பாட்டி" என்றாள். வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன், என் கையைப் பிடித்துக்கொள். மோதிரத்தை இப்போதே கழற்றி வைத்துவிட்டேன்.