பாகாலா பாசஞ்சரில் ஒரு விலா எலும்பு

தலையணை எதிர்த்துப் பேசாது. அதனால்தான் தலையணையை அமுக்கிப் பழகிய மருத்துவ மாணவர்களுக்குத் தன்னம்பிக்கை அத்தனை அதிகம். நானும் அப்படி ஒருத்தி. திருப்பதியில் மூன்றாம் வருஷம். நின்றுபோன இதயத்தை நெஞ்சை அமுக்கி ஓட வைக்கும் வித்தைக்கு வகுப்புக்கே ஒரே பொம்மை. என் முறை வருவதற்குள் பெல் அடித்துவிட்டது. மிச்சத்தை ஹாஸ்டல் தலையணையில் முடித்தேன். வாய்மொழித் தேர்வில் நான்தான் முதல். (வாய்க்குத்தானே மார்க்கு!)

கம்ப்யூட்டர் படித்தவர்களெல்லாம் அமெரிக்காவுக்குப் பெட்டி கட்டிய காலம் அது. லீவுக்கு என்னைச் சித்தூருக்கு அழைத்துப்போக நைனா வந்திருந்தார். பாசஞ்சர் ரயிலில் எதிர் சீட்டில் அப்படி ஒருத்தன். விசா கிடைத்ததற்காகத் திருமலையில் மொட்டை. தலை முழுக்கச் சந்தனம், கையில் லட்டு. பக்கத்தில் அவன் அம்மா. நைனா விடுவாரா? "எம் பொண்ணு டாக்டருங்க" என்றார். (காட்பாடி வரை கேட்டிருக்கும்.)

பாகாலா ஜங்ஷனில் வண்டி குலுங்கி நின்றதில் லட்டு அவன் தொண்டையை அடைத்தது. கண் பிதுங்கியது, உதடு நீலமானது. முதுகில் தட்டுவதற்குள் சரிந்து விழுந்தான். பெட்டி மொத்தமும் என்னைப் பார்த்தது.

"நவுருங்கய்யா! டாக்டரம்மா வருது!" நைனாதான்.

புத்தகத்தின் முதல் வரி, ஆளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். தட்டினேன். "ஆர் யூ ஆல் ரைட்?" பதில் இல்லை. இன்னும் உரக்கக் கேட்டேன், அதே இங்கிலீஷில். அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்: "வாடு இங்கா அமெரிக்கா போலேது தல்லீ!" (அவன் இன்னும் அமெரிக்கா போகவே இல்லையாம்.)

மூச்சு இல்லை. தலையைச் சாய்க்கப் பிடித்தேன். சந்தனம் வழுக்கி என் முழங்கை அவன் மூக்கில் இடித்தது. நெஞ்சில் கை வைத்து அமுக்கினேன். 'டக்'. தலையணை ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை! துள்ளி எழுந்துவிட்டேன்.

"இன்னாமா நிறுத்திட்ட?"

"எலும்பு ஒடஞ்சிடுச்சி நைனா!"

"ஒடஞ்சா கட்டுப் போட்டுக்கலாம். ஆளே போய்க்கினு கீறான், அமுக்குமா!"

அமுக்கினேன். பயத்தில் கத்தி எண்ணினேன். "ஒண்ணு!" மலையிறங்கி வந்த கூட்டம், யார் குரல் கொடுத்தாலும் பதில் கொடுத்தே பழக்கம். "கோவிந்தா!" என்றது பெட்டி. "ரெண்டு!" "கோவிந்தா!" அடுத்த பெட்டியும் சேர்ந்தது. பிளாட்பாரமும் சேர்ந்தது. கை வலித்தது, கண்ணில் வியர்வை, எண்ணிக்கை மறந்துபோனது, ஆனாலும் அந்தக் கோஷம் என்னை நிறுத்த விடவில்லை, வேகம், இன்னும் வேகம், ரயிலே என் கைக்கடியில் துடித்தது. சட்டென்று லட்டு உருண்டை முந்திரியோடு பறந்துவந்து நைனாவின் மீசையில் ஒட்டியது.

அவன் மூச்சை இழுத்தான். மறுபிறவியின் முதல் வார்த்தை: "மெல்லகா..."

(மெதுவாக அமுக்க வேண்டுமாம்!)

அவன் அம்மா என் கையைப் பிடித்து அழுதாள். அழுதுகொண்டே மிச்ச லட்டையெல்லாம் என் மடியில் கொட்டினாள்; இனி அவனிடம் கொடுக்கத் தைரியமில்லை.

விலாவில் கட்டோடுதான் அமெரிக்கா போனான். நான் இன்று ஐம்பதை நெருங்கும் டாக்டர். எங்கள் வீட்டில் மட்டும் இன்னமும் யாராவது லட்டை வாயில் போட்டால் என் தம்பி "ஒண்ணு!" என்பான், வீடே "கோவிந்தா!" என்று அலறும். என் கைகள் தாமாக ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். நைனா அவசரமாகத் தன் விலாவைப் பொத்திக்கொள்வார்.