நரம்பு விசாரித்தவர்

விசாரித்து வாங்குகிறவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. பார்வைக்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார்கள். ஆனால் கடையில் ஒரு பொருள் கைக்கு வந்துவிட்டால், அதை உருட்டி, தட்டி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அடியில் இருக்கிற பொடி எழுத்தை வாசித்து, இதைவிட நல்லது வேறெங்கும் கிடைக்குமா என்று கேட்டு, கிடைக்கும் என்றால் வருந்தி, கிடைக்காது என்றால் சந்தேகப்பட்டு, கடைசியில் "வீட்டுல கேட்டுட்டு வாரேன்" என்று படியிறங்குவார்கள். வீட்டில் கேட்பார்களா? மாட்டார்கள். வீட்டில் கேட்டால் உடனே பதில் கிடைத்துவிடுமே!

சங்கரன்கோவிலில் இந்த இனத்தின் முழு வளர்ச்சியைக் காண விரும்புகிறவர்கள் சண்முகையாவைப் பார்க்கலாம். நாலு விசைத்தறி ஓட்டுகிறவர். மனைவி பொன்செல்விக்குக் குக்கர் வாங்க அவர் விசாரித்துக்கொண்டிருந்த காலத்தில், பக்கத்து வீட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமாகி, நடந்து, பிள்ளையும் பிறந்துவிட்டது.

அவருக்கு ஒரே மகள் அனு. திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அப்பாவோடு போனில் பேசினால் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதற்கு மேல் பேச்சு நீளாது. போன மார்கழியில் ஒருநாள் அவளாகவே சொன்னாள்: "எப்பா, பொங்கலுக்குப் பத்து நாள் லீவு. குளம் நெறஞ்சிருக்காம்லா? நாம விரால் பிடிக்கப் போவமா?"

சண்முகையா அன்றைக்கே தூண்டில் கம்பு, அதில் மாட்டுகிற ரீல், மீனை ஏய்க்க நீர்மேல் தத்தித் தத்திப் போகிற ரப்பர் தவளை இரண்டு, எல்லாம் ஆன்லைனில் ஆர்டர் போட்டார். தள்ளுபடி அன்றோடு முடிவதாகக் காட்டியதால் விசாரிக்க நேரமில்லை. வந்த பெட்டியில் எல்லாம் இருந்தது. தூண்டிலுக்குக் கட்டுகிற நைலான் நூல், அதாவது நரம்பு, மட்டும் இல்லை.

அங்கே பிடித்தது சனி.

அனு வந்திறங்கிய அன்று அவர் நியாஸ் அகமதுவின் கடைக்குப் போனார். சைக்கிள் சாமானோடு தூண்டில் சாமானும் விற்கிற பையன் அவன். கேட்டதுமே ஒரு சுருளை எடுத்து வைத்தான்.

"புதுசாப் படிக்கவங்களுக்கு இந்தச் சாதா நரம்பு போதும் அண்ணாச்சி. நூத்தி இருவது ரூவா. தவளைக்குத் தண்ணிக்குள்ள முங்குத நரம்பு ஆகாது, அதோட மூக்கப் பிடிச்சு உள்ள இழுத்துரும். இது முங்காது."

"முங்காதுன்னா எவ்வளவு நேரத்துக்கு முங்காது?"

நியாஸ் சுருளைத் திருப்பிப் பார்ப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"பின்னல் நரம்புன்னு ஒண்ணு இருக்காம்லா? அது நாலு இழை நல்லதா, எட்டு இழை நல்லதா?"

"கொடி மண்டுன எடத்துக்கு அதுதான் உறுதி, ஆனா வெல கூட. மொதல்ல வீசப் படிங்க அண்ணாச்சி."

வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் படியிறங்கினார்.

அதன் பிறகு அவர் ஒரு மீன்பிடி வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார். "புதியவருக்கு விலை குறைந்த நரம்பு எது?" என்று கேட்டார். முப்பத்தேழு பதில்கள் வந்தன. அதில் பத்து, பதில் சொன்னவர்கள் ஒருவரையொருவர் திட்டியது. புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் பார்க்கும் ராஜதுரை என்பவர் குரல்செய்தியே ஒன்பது நிமிடத்துக்கு அனுப்பினார். சண்முகையா அதை மூன்று முறை கேட்டார். அக்கம்பக்கத்தில் மாதிரித் துண்டுகள் வாங்கிவந்து வாளித் தண்ணீரில் போட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்தார். ஒன்றில் அரிசிப் பையைக் கட்டி நிலைப்படியில் தொங்கவிட்டார்.

"நாலு தறியில பொழுதன்னைக்கும் நூலு ஓடுது. இந்த மனுசனுக்கு ஒரு முழம் நூலு வாங்கத் தெரியல" என்று வாளியைப் பிடுங்கிக்கொண்டு போனாள் பொன்செல்வி.

அனு கம்பை வெறுமனே ஆட்டிப் பழகினாள். மூன்றாம் நாள், "நாளைக்குப் போவமாப்பா?" என்றாள். ஐந்தாம் நாளும் கேட்டாள். ஏழாம் நாள் கேட்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை. எட்டிழை நரம்பை அன்றுதான் ஆன்லைனில் போட்டிருந்தார். அது மதுரை வரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

ஒன்பதாம் நாள் காலையில் அனு ரீலோடு அம்மாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். கால் மணி நேரத்தில் திரும்பினாள். நியாஸ் அந்த நூற்றிருபது ரூபாய்ச் சுருளையே கொடுத்து, ரீலில் சுற்றி, முடிச்சும் போடக் கற்றுக்கொடுத்திருந்தான்.

"எப்பா, நான் குளத்துக்குப் போறேன். வாரீயளா?"

போனார். வேறென்ன செய்ய?

குளத்தில் தண்ணீர் தளும்பியது. முதல் வீச்சு கருவேல மரத்தில், இரண்டாவது அப்பாவின் தோள்துண்டில். ஏழாவதோ எட்டாவதோ ஒழுங்காகப் போய் விழுந்தது. தவளை தத்திவருகையில் சண்முகையா கரையில் நின்று விளக்கினார்: "விரால் அடிச்சதும் இழுக்கப்படாது மக்கா. வாய்க்குள்ள போட்டு மூடட்டும். மனசுக்குள்ள ரெண்டு எண்ணு. அப்புறமா இழு."

அவர் விசாரித்ததிலேயே பிரயோசனமான சேதி அதுதான். சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் வெடித்தது.

"இழு! இழுட்டீ!" என்று கத்தினார் சண்முகையா.

இழுத்தாள். தவளை மட்டும் காற்றில் பறந்து வந்தது.

அனு அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இனிமே நீங்க பேசப்படாது" என்றாள். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் தண்ணீர் வெடித்தது. அவள் உதடு அசைய இரண்டு எண்ணினாள். கம்பு வில்லாக வளைந்தது. முக்கால் கிலோ விரால் ஒன்று கரையில் வந்து துள்ளியது.

சண்முகையா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்கூடக் கலங்கியிருந்தது. அப்புறம் மெல்லக் குனிந்து நரம்பை விரலால் நீவிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. லேசாகவாவது பிசிறியிருக்கலாமே என்று அந்த முகத்தில் ஓடியதே, அதை நான் எப்படி எழுதுவேன்!

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் கேட்டார்: "இனி எப்பம்மா லீவு?"

"சித்திரையில."

"சரி, அப்பப் பத்து நாளும் போவோம்."

"அப்பக் குளத்துல தண்ணி இருக்காதுப்பா" என்று சொல்லிவிட்டு அனு பஸ் ஏறினாள்.

பஸ் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். கையில் போன் அடித்தது. பார்சல் வந்திருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, அந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்கத்தான் வேண்டும். ஒரே ஒரு சந்தேகம். இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தபோது, பின்னட்டையை வாசித்து, எத்தனை பக்கம் என்று புரட்டி, வாங்கலாமா என்று நண்பருக்குப் படம் அனுப்பிவிட்டுக் கடைவாசலில் பதிலுக்குக் காத்து நின்றது யார்?