மடை சாரும் என் வயிற்றெரிச்சலும்

தஞ்சாவூர் வட்டாரத்திலேயே கம்ப்யூட்டரைத் தொடாமல் கம்ப்யூட்டர் பாடம் நடத்தி, அதற்குக் கைதட்டலும் வாங்கிய ஒரே ஆசாமி எங்கள் மடை சார்தான். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

எங்கள் கலை அறிவியல் கல்லூரியில் நான் டேட்டாபேஸ் நடத்துகிறேன். அவர் கேம் டிசைன் நடத்த வந்தார். இரண்டுமே விருப்பப் பாடம். எந்தத் துறை மாணவரும் எதையும் எடுக்கலாம் என்பது விதி. ஆள் சேராத பாடத்தை மூடிவிடுவார்கள் என்று அந்த விதிக்கு ஒரு வாலும் உண்டு. அவர் வந்த பருவத்திலிருந்து என் வகுப்புக்குப் பெஞ்சுகள் மட்டும்தான் ஒழுங்காக வந்தன.

மனிதர் பூதலூர்க்காரர், வயல் வாய்க்காலிலேயே வளர்ந்தவர். புரோகிராமில் 'இஃப்' வந்தால் அவருக்கு அது மடை. "கண்டிஷன் சரியா இருந்தா மடை தொறக்கும், தண்ணி வயலுக்குப் போவும். இல்லேன்னா வாய்க்கால்லயே நேரா போயிடும். அவ்ளோதாம்மா இஃப்பு!" புரோகிராம் நிற்காமல் சுற்றினால், "மடைய மூடாம டீ குடிக்கப் போயிட்டியா?" என்பார். பிறகு வேறென்ன பெயர் வரும்?

ஒரு நாள் சுண்ணாம்புத் தூளால் மைதானம் முழுக்க வாய்க்கால் கிழித்தார். தமிழ்த் துறைப் பெண்கள் மடையாகக் கைகோத்து நின்றார்கள். வரலாற்றுத் துறைப் பையன்கள் தண்ணீராக ஓடினார்கள். என் வகுப்பில் மிச்சமிருந்தவர்கள் ஜன்னலில் தொங்கினார்கள்.

"சார், ஒரே ஒரு தடவ தண்ணியா ஓடிட்டு வந்துடறோம் சார்!"

ஓடிய தண்ணீர் திரும்பவே இல்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

இந்த நேரத்தில்தான் கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வந்தது. தலைவர், சென்னைக் கல்லூரி ஒன்றின் முதல்வர் அம்மா. மைதானத்தைக் கடக்கும்போது, "மடை சார்! மடை சார்!" என்று பிள்ளைகள் கூட்டமாகக் கத்தினார்கள். அம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

"வாத்தியாரையே மடையன்னு கூப்பிடுறாங்களா? இப்படி ஒரு பாடம் தேவைதானா?"

எங்கள் முதல்வர் கையை வீசிப் பிள்ளைகளை விரட்டினார். மடை சாரோ, "அது செல்லமாத்தாங்க மேடம்" என்று சிரித்துக் காரியத்தை இன்னும் கெடுத்தார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கேம் டிசைன் காலி, என் பாடம் பிழைத்தது. அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க சார், இவர் என்னதான் நடத்துறார்?"

என் பாழாய்ப்போன வாய்!

"மடைன்னா வயலுக்குத் தண்ணி விடுற தெறப்புங்க மேடம். சார் அத வச்சுத்தான் புரோகிராம் சொல்லித் தர்றாரு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. கடைசி வயலும் காயாமல் தண்ணீரைக் கொண்டுசேர்க்க வேண்டிய அவருடைய விளையாட்டைக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அவரே அவ்வளவு அழகாகச் சொல்லியிருக்க மாட்டார். பொறாமைக்காரனைப் போல ஊன்றிக் கவனிப்பவன் உலகத்தில் யார்?

அம்மா அசந்துபோனார். பாடம் தப்பியது. அதோடு விட்டாரா? அடுத்த பருவத்துக்குள் மடை சாரைத் தன் கல்லூரிக்கே கொத்திக்கொண்டு போய்விட்டார்.

இப்போது என் வகுப்பு நிரம்பி வழிகிறது. நியாயமாக நான் சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும். நேற்று அவருக்குப் போன் செய்தேன்.

"அங்க பசங்க எப்படி சார்?"

"தங்கமான புள்ளைங்க சார். பெல் அடிச்சாலும் எந்திரிக்க மாட்டேங்குதுங்க."

போனை வைத்தேன். முகம் தெரியாத அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு இப்போது தாங்க முடியாத பொறாமை.